மருந்து காக்கவில்லை என்று சொல்ல ராகலைக்குப் போனேன்

என் ஆய்வுக்கு உடம்பிலிருந்து ஒரு துண்டைக் கொடுத்தவர்களிடம் முடிவை நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்பது என் பிடிவாதம். போன பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்காகத்தான் கண்டியில் காலை 6.15 பஸ் ஏறினேன். இறம்பொடையில் தேநீருக்குப் பத்து நிமிடம். நுவரெலியா 77 கிலோமீட்டர், 9.10க்கு இறங்கி ராகலை பஸ் பிடித்தேன்.

ஆய்வு இதுதான். புகையிலையின் நிக்கோட்டின் நம் உடலின் கலங்களில், அதாவது உயிரணுக்களில், ஒட்டும் இடங்களை அடைத்துவிடும் ஒரு மருந்து உண்டு. அது பல் ஈற்றுச் சதையின் கலங்களைச் சாகாமல் காக்குமா? பல் பிடுங்கும்போது கிடைத்த ஈற்றுத் துண்டுகளில் பார்த்தோம். நிக்கோட்டினை மட்டும் விட்டபோது ஓரளவு காத்தது. முழுப் புகையிலைச் சாற்றை விட்டபோது, மருந்து இருந்தும் கலங்கள் செத்தன.

ராகலையிலிருந்து தோட்டத்துக்கு நான்கு கிலோமீட்டர், ஆட்டோ 500 ரூபா. ஓட்டுநர் திரும்பிப் பார்த்துக் கேட்டார். "பொகையில போட்டாலும் ஒண்ணும் ஆகாத மருந்து கண்டுபிடிச்ச மிஸ் நீங்கதானுங்களா?"

துண்டு கொடுத்தவர்களில் ஒருவரான, கொழுந்து பறிக்கும் ராசாத்தி அக்கா பரப்பிய செய்தி அது. அவரிடம் சொன்னது நான். போன வருடம் பல் பிடுங்க வந்து, புகையிலையால் புற்று வந்துவிடுமோ என்று பயந்தவரைத் தேற்ற, "மருந்து வந்துரும்க்கா" என்று சொல்லிவிட்டிருந்தேன்.

தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தின் வாசலில் ராசாத்தி அக்கா பிளேன்டி, பால் சேர்க்காத தேநீர், கொடுத்தார். முழுவதையும் சொன்னேன்.

"அப்ப அது வராதுங்களா?"

"வராதுக்கா. நான் அன்னைக்கு அப்படிச் சொன்னது தப்பு."

அவர் கன்னத்தை விரலால் இழுத்துக் காட்டினார். உள்ளே வெள்ளையாக ஒரு படை. "மூணு மாசமா இருக்கு. மருந்து வரும்னுதான் யார்கிட்டயும் காட்டல."

நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். "வாரேன். ஆனா காலையில பெரட்டுக்கு வந்து எல்லார்கிட்டயும் நீங்களே சொல்லிருங்க. நான் மாத்திச் சொன்னா நம்ப மாட்டாங்க."

ராகலையில் தங்கினேன். காலை 6.45க்கு, வேலை பிரித்துக் கொடுக்கும் அந்தப் பெரட்டில், கணக்கப்பிள்ளையிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிச் சொன்னேன். யாரும் கோபப்படவில்லை. "அப்ப விடுறதுக்கு என்னா வழிங்க?" என்று மட்டும் ஒருவர் கேட்டார். அதற்குக் கிளினிக்கில் உதவுவார்கள் என்றேன். 8.20 பஸ்ஸில் ராசாத்தி அக்காவும் நானும் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

இரண்டு வாரம் கழித்துப் போன் வந்தது. "புத்து இல்லயாம் மிஸ். பொகையிலய விட்டுட்டு, அடிக்கடி வந்து காட்டணுமாம். விட்டு ஒம்பது நாளாச்சு. தலதான் வலிக்குது."

இப்படிப் போகிறவர்கள் ஒரே நாளில் திரும்பத் திட்டமிடாதீர்கள். ஞாயிறு போனால் ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். பெரட்டில் பேச முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். புகையிலை போடுகிறவரைத் தேற்றுவதற்காக, வராத மருந்தைப் பற்றிப் பேசாதீர்கள். வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.