நாரை அழிந்த பால் கூஜா

ஹில்டா குரௌதருக்கு ஒரு பழக்கம். ஷெஃபீல்டில் ஆர்மிட்டேஜின் ஏலக்கடையில் பழைய வெள்ளித் தேநீர்ச் சாமான்களைத் துலக்குவதுதான் அவள் வேலை. எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் முதலில் அதன் வயிற்றில் வாயை வைத்து ஊதுவாள். விற்றவர்கள் அழித்துப்போட்ட குடும்பச் சின்னம் ஏதாவது இருந்தால், மூச்சுப் பட்டதும் ஆவியில் நிழல்போல எழுந்து வரும். தொழிலில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் இருபத்தொன்பது வருஷமாக அவள் தேடியது ஒரே ஒரு நாரையை.

அக்கா எடித் பத்தொன்பது வயதில் டென்ட் மாளிகையில் வேலைக்காரி. நாரைச் சின்னம் போட்ட பால் கூஜா ஒன்று காணாமல் போனது. எடுத்தவள் எடித்தேதான் என்று வீட்டுக்கார அம்மாள் திருமதி டென்ட் ஒரே போடாகப் போட்டாள். நற்சான்றுக் கடிதம் தராமல் துரத்திவிட்டாள். அது இல்லாதவளை எந்த வீடு சேர்க்கும்? மாதா கோவிலில்கூட எடித் கடைசி பெஞ்சில்தான் உட்காருவாள். பாவி மகள், செய்யாத குற்றத்துக்குத் தலை குனிந்தே ஐம்பதை நெருங்கிவிட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பாதிரியாரின் விதவை ஒருத்தி விற்கக் கொடுத்திருந்த கூஜாவை ஹில்டா ஊதினாள். ஒற்றைக்கால் நாரை, அலகில் மீன். கூஜாவோடு நேரே முதலாளியிடம் போய் நின்றாள்.

ஆர்மிட்டேஜ் அலமாரியைத் திறந்து, தன் அப்பா காலத்துப் பதிவேட்டைப் புரட்டினார். புரட்டியவர் முகம் மாறிவிட்டது. திருமதி டென்ட் தானே நேரில் வந்து விற்றிருந்தாள். சின்னத்தை அழிக்கச் சொன்னதும் அவள்தான். எடித்தைத் துரத்துவதற்குப் பதினேழு நாள் முன்னால்.

"ஏலத்துல இதைப் படிச்சுச் சொல்லுங்கய்யா," என்றாள் ஹில்டா.

"வித்தவங்க பேரை வெளிய சொல்றது நம்ம தொழில்ல வழக்கமில்லம்மா. உனக்குத் தெரியாததா?"

"எங்க அக்கா பேரை மட்டும் ஊரே சொல்லிச்சேய்யா. அது எந்த வழக்கம்?"

அவர் ஏலப் பட்டியலைப் பிரித்தார். பேனாவை எடுத்து, விற்றவள் பேரையும் தேதியையும் அதில் எழுதினார்.

எடித்தை ஏலத்துக்குக் கூட்டிவருவதற்குள் ஹில்டாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "அந்தக் கூஜாவ நான் ஏன்டி பாக்கணும்? என்னைத்தான் எல்லாரும் பாப்பாங்க," என்றாள் எடித்.

"பாக்கட்டும். அதுக்குத்தான் வர்ற. தொப்பியப் போடு."

மண்டபம் நிறைய ஆள். ஆர்மிட்டேஜ் கூஜாவைத் தூக்கிக் காட்டி, கைமாறிய கதையைப் படித்தார். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டு, மார்ச் மூணாம் தேதி. டென்ட் மாளிகைத் திருமதி டென்ட் நேர்ல வந்து வித்தது. அதே மாசம் இருபதாம் தேதி, இதைத் திருடினதா ஒரு வேலைக்காரிய அவங்க வெளிய அனுப்பியிருக்காங்க."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. ஹில்டா அக்காவின் கையைப் பிடிக்கப் போனாள். பக்கத்து நாற்காலி காலி. எடித் எழுந்து நின்றிருந்தாள்.

"அந்த வேலைக்காரி நான்தான்," என்றாள். "எடித் குரௌதர். பேரையும் சேர்த்துப் படிங்கய்யா."