தொட்டிமழை

அகராதி வேலை எனக்கு. வீடு பெருங்களத்தூரில், ஆபீஸ் தாம்பரத்தில். சொல் பொறுக்குவதுதான் பிழைப்பு. ஆனால் கோபம் வந்தால் ஒரு சொல்லும் வராது. அன்றைக்குப் புதுச் சொற்களைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்திலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் அபார்ட்மெண்டில் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோவது எல்லாருக்கும் வழக்கம். மாடித் தொட்டி நிரம்பி வாசலில் கொட்டும். கூட்டிப் பெருக்க வரும் அக்காதான் முதலில் கத்தினார்: "தொட்டிமழை பேஞ்சிகினு கீது, யாராவது மோட்டார நிறுத்துங்க!" ஒரே மாதத்தில் தெரு முழுக்க அதே சொல். பொழிச்சலூரில் இருக்கும் என் நாத்தனார்கூடப் போனில் சொன்னாள்.

"உங்க சொல்லை அகராதில சேர்க்கச் சொல்றேன்க்கா" என்றேன்.

"மெய்யாலுமா மேடம்? எம் பொண்ணுக்குக் காட்டணும். நான் பேசறது அசிங்கமா கீதாம், ஸ்கூல் மீட்டிங்குக்கு வராதன்னுது."

எங்கள் தலைமைப் பதிப்பாசிரியர் ஒருநாள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வீட்டுக்கு வந்தார். கேட்டில் நுழையும்போது, "தள்ளிக்கோ சார், தொட்டிமழை!" என்று அக்கா கத்தினார். மனிதர் துள்ளி ஒதுங்கினார். எந்த அகராதியைப் புரட்டிவிட்டு ஒதுங்கினாராம்?

அதே மனிதர்தான் கூட்டத்தில், என் பட்டியலில் தொட்டிமழையைப் பார்த்ததும், "அச்சில் சான்று உண்டாம்மா? வாயில வர்றதையெல்லாம் சேர்த்தா விளங்கினாப்லதான்" என்றார். அடுத்து, தொட்டி நிரம்பினால் காட்டும் சென்சாருக்கு 'நீர்மட்டத் தன்னுணரி' என்ற சொல் வந்தது. கலைச்சொல் குழு ஏசி அறையில் உட்கார்ந்து செய்தது. குழுவின் பட்டியலில் அச்சாகியிருந்ததால் உடனே உள்ளே. அதை உண்டாக்கியவரே டீ குடிக்கும்போது, "எங்க வீட்டு சென்சார் ரிப்பேர் சார்" என்கிறார். அட கண்றாவியே! நானாவது வாயைத் திறந்தேனா? இல்லை.

சொல் சேரவில்லை என்று அக்காவிடமும் சொல்லவில்லை. புது அகராதி அச்சாகி வந்த ஞாயிற்றுக்கிழமை, நல்ல புடவை கட்டிக்கொண்டு மகளோடு வந்து நின்றார். இல்லை என்று சொல்ல எனக்குத் துப்பில்லை, புத்தகத்தை எடுத்து நீட்டினேன். அந்தப் பெண் விரல் வைத்துத் தேடினாள். தொட்டி இருந்தது, தொட்டில் இருந்தது.

"இல்லம்மா."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "வுடு. மேடம் சும்மா சொல்லிருப்பாங்க" என்று மகளை இழுத்துக்கொண்டு படியிறங்கினார்.

சும்மா சொல்லவில்லை அக்கா. அச்சில்தானே சான்று கேட்டார்கள்? இந்தாருங்கள்.

தொட்டிமழை: பெயர்ச்சொல். மோட்டாரை நிறுத்த மறந்ததால் மாடித் தொட்டி நிரம்பி வாசலில் கொட்டும் தண்ணீர். எடுத்துக்காட்டு: "தள்ளிக்கோ சார், தொட்டிமழை!" சொன்னவர், ஒரு பதிப்பாசிரியரை நனையாமல் காப்பாற்றிய பெண்.

பத்திரிகையில் இந்தப் பக்கம் அச்சானதும் முதல் பிரதி அந்த மகளுக்குத்தான். அடுத்த மீட்டிங்குக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லப்போகிறேன்.