பத்தாம் நம்பரும் புத்தூர்க் கட்டும்

“…வேணும்னுதான் மெதிச்சேன்னு இப்ப இவருகிட்ட சொன்ன இல்ல, அத அவர் வந்ததும் அவருகிட்டயும் சொல்லு. நான் எல்லாத்தையும் கேட்டுக்கினுதான் இருந்தேன்.”

என் ஆட்டோவின் பின்சீட்டிலிருந்து வந்த குரல் அது. கண்ணை மூடித் தூங்குகிறான் என்று நாங்கள் நினைத்திருந்த ஆள். அதைவிடப் பெரிய விஷயம், தமிழே தெரியாது என்று நாங்கள் நினைத்திருந்த ஆள். நாயுடுபேட்டைக்காரன், கோல்கீப்பர். ஒடிந்த வலது மணிக்கட்டை ஓர் அட்டையோடு சேர்த்துத் துண்டில் சுற்றிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தான். எனக்குப் பக்கத்தில் நின்ற எங்கள் டீமின் பத்தாம் நம்பர் அப்படியே உறைந்துபோனான். புத்தூரில், எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் இடத்துக்கு வெளியே, காலை பதினொரு மணி வெயிலில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம்.

எப்படி அங்கே வந்து சேர்ந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் திருப்பதிக்கும் திருச்சானூருக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். எங்கள் பக்கத்தில் கால்பந்துப் போட்டி நடக்கிற நாட்களில் நாலரை மணிக்கெல்லாம் வண்டியை ஓரம்கட்டிவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவேன். சவாரி போனால் போகட்டும் என்று நான் விட்டதெல்லாம் இந்தப் பத்தாம் நம்பருக்காகத்தான். எங்கள் இரண்டு பேர் ஊரும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர்கள். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. அவன் என்னை அண்ணா என்பான். பந்து அவன் காலுக்கு வந்தால் கூட்டம் தானாக எழுந்து நிற்கும். அவனுக்குக் கோபம் வந்தாலும் எழுந்து நிற்கும், அது வேறு விஷயம்.

அரையிறுதியில் அவனுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. இந்தக் கீப்பர் இடது பக்கம் பாய்ந்து அதைத் தடுத்துவிட்டான். எழுந்து வந்தவன் சும்மா போயிருக்கலாம். பத்தாம் நம்பரின் கன்னத்தில், சாப்பாடு வேண்டாம் என்று அழும் குழந்தையைத் தட்டுகிற மாதிரி, இரண்டு தட்டு தட்டினான். மைதானமே சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு கார்னர். கும்பலில் பந்து கீழே விழுந்தது, கீப்பர் பாய்ந்து உள்ளங்கையால் அமுக்கினான். அமுக்கியாயிற்று, அதோடு பந்து அவனுடையது. ஓடிவந்த பத்தாம் நம்பருக்கு நிற்க நேரம் இருந்தது. நான் வலைக்குப் பின்னால் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தேன், அவன் கண் எனக்கு நேராக இருந்தது. அந்தக் கண் பந்தைப் பார்க்கவில்லை. ஷூ மணிக்கட்டில் இறங்கியது. ரெஃப்ரி மறுபக்கம் இருந்தார். ஓடிவந்து ஒரு மஞ்சள் கார்டைக் காட்டினார். கீப்பரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாற்றாக நின்றவன் ஒரு கோலை விட்டான். நாங்கள் முதல் முறையாக ஃபைனலுக்குப் போனோம்.

எங்கள் போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்தில் ஒருவனுக்கு எலும்பு முறிந்தால், முறித்தவனே அவனைப் புத்தூருக்குக் கட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். ரெஃப்ரி எழுதியதை அதற்குப்பிறகு யாரும் பார்ப்பதில்லை. அடிபட்டவனிடம் போட்டிக் கமிட்டி ஒரே கேள்வி கேட்கும்: ஆட்டத்தில் ஆனதா, வேண்டும் என்று செய்ததா? ஆட்டத்தில் ஆனது என்று அவன் சொல்லிவிட்டால் அத்தோடு முடிந்தது. வேண்டும் என்று செய்தது என்றால், மிதித்தவன் ஒரு வருஷம் மைதானத்தில் கால் வைக்க முடியாது. ஃபைனல் ஞாயிற்றுக்கிழமை. அரையிறுதிக்கு மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குள் கீப்பரின் பதில் தெரிய வேண்டும் என்று கமிட்டி சொல்லிவிட்டது. பத்தாம் நம்பருக்கு இருபத்தெட்டு வயது, இரண்டு முட்டியிலும் வீக்கம். ஒரு வருஷம் விட்டால் திரும்பி வருவானா என்று அவனுக்கே தெரியாது.

அன்று சாயங்காலமே திருச்சானூர் சலூனில் விவாதம் ஆரம்பித்துவிட்டது. சலூன்காரர் கமிட்டியில் ஒருவர். கார்டு, விசில், ஒழுங்கு என்றால் உயிர். நான் சவரத்துக்கு உட்கார்ந்ததும் தாடையில் நுரையைப் பூசிக்கொண்டே கேட்டார்:

“ஒங்காளுக்குக் கோவம் வந்தா கண்ணு அவிஞ்சி போயிடுமா?”

“கோவம் இருக்கறவன்தான் கோல் போடுவான். சாந்தமா ஆடறதுக்கு அங்க பஜனையா நடக்குது?”

“வேகம் வேற, கோவம் வேறய்யா. வேகம் பந்தத் தொரத்தும், கோவம் ஆளத் தொரத்தும். ஒங்காளு இன்னிக்கு எதத் தொரத்துனான்?”

முறைக்குக் காத்திருந்தவர் ஒரு லாட்ஜில் கணக்கு எழுதுகிறவர். பேப்பரைத் தாழ்த்தாமலேயே சொன்னார்: “கோல்லயும் அவன்தான் ஃபர்ஸ்ட், கார்டு வாங்கறதுலயும் அவன்தான் ஃபர்ஸ்ட். ரெண்டு கப்பு குடுக்கணும் அவனுக்கு.”

“அந்த ஆள் கன்னத்துல தட்டுனானே, அத ஒருத்தரும் பேச மாட்டீங்களே!” என்றேன்.

“தட்டுனான், தப்புதான். அத ரெஃப்ரிகிட்ட சொல்லு. மணிக்கட்டுகிட்டயா சொல்லுவாங்க?” என்றார் சலூன்காரர்.

யாராவது இப்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், தோற்றது நானாகவே இருந்தாலும் அதை நாலு சவாரிக்காவது சொல்லிச் சந்தோஷப்படுகிற ஆள் நான். அன்றைக்கு முடியவில்லை. கத்தி என் தொண்டைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது.

“நீ வலைக்குப் பின்னாடிதான ஒக்காந்துகினு இருந்த? நீ இன்னா பாத்த?”

கண்ணாடியில் அவர் கண்ணும் என் கண்ணும் சந்தித்தன.

“கும்பலா இருந்துச்சி. சரியாத் தெரியல” என்றேன்.

மிச்சச் சவரத்தை ஒரு வார்த்தை பேசாமல் முடித்தார். அவர் பேசாமல் சவரம் செய்து நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை என் ஆட்டோவில்தான் கிளம்பினோம். கமிட்டி சார்பில் சலூன்காரர் பின்னால் கீப்பருக்குப் பக்கத்தில். பத்தாம் நம்பர் என் சீட்டிலேயே ஓரமாகத் தொற்றிக்கொண்டான். பின்னால் இடம் இருந்தும் போகவில்லை. கீப்பரிடம் எல்லாரும் தெலுங்கிலேயே பேசினோம். அவனும் கேட்டதற்கு மட்டும் தெலுங்கில் பதில் சொன்னான். ரேணிகுண்டா தாண்டியதும் ரோட்டில் ஒரு பள்ளம். பின்னால் “ஸ்ஸ்” என்று ஒரு சத்தம். என் தோளை ஒட்டியிருந்த பத்தாம் நம்பரின் தோள் கல்லானது. எங்களை உரசிக்கொண்டு ஒரு பஸ் போக, தலையை வெளியே நீட்டி அந்த டிரைவரின் பரம்பரையையே இழுத்தான்.

“பாத்தியா, பஸ்ஸுக்கும் மஞ்சக் கார்டு குடுக்கறான்” என்றார் சலூன்காரர். யாரும் சிரிக்கவில்லை.

வடமாலபேட்டையில் டீக்கு நிறுத்தினேன். பத்தாம் நம்பர் தானே போய் ஒரு கிளாஸை வாங்கிவந்து கீப்பரின் இடது கைக்கு நேராக நீட்டினான். கீப்பர் அவன் முகத்தைப் பார்க்காமல், “வொத்து” என்றான். வேண்டாம் என்று ஒரே சொல். பத்தாம் நம்பர் டீயை அப்படியே ரோட்டில் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

புத்தூரில் கூட்டம். சலூன்காரர் எக்ஸ்ரே கவரை எடுத்துக்கொண்டு டோக்கன் வாங்க உள்ளே போனார். கீப்பர் பின்சீட்டில் சாய்ந்து கண்ணை மூடினான். நானும் பத்தாம் நம்பரும் இறங்கி வண்டியை ஒட்டி நின்றோம்.

எங்கள் ஜனங்களுக்கு ஒரு பழக்கம். தெலுங்குக்காரர் நடுவில் ரகசியம் பேச வேண்டுமானால் தமிழுக்கு மாறிவிடுவோம், கதவைச் சாத்திவிட்ட மாதிரி. மண்டல ஆபீசில், மார்க்கெட்டில், பஸ்ஸில் எல்லாம் இப்படித்தான். இந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்குத் தமிழ் புரியும் என்பது எங்களுக்கே தெரியும். ஆனாலும் சாத்திவிட்டதாகத்தான் நினைப்பு.

“நெஜத்தச் சொல்லு. நான் பாத்துக்கினுதான் இருந்தேன். வேணும்னு மெதிச்சியா?” என்றேன்.

ஷூ முனையால் மண்ணைக் கிண்டினான். “இன்னாத்த சொல்றதுண்ணா… பெத்த நைனாகூட என்ன அப்டித் தட்டுனதில்ல. ஜனம் சிரிச்சிது பாரு, அது காதுலயே நின்னுடுச்சி. கீழ அவன் கை தெரிஞ்சிது. வேணும்னுதான் மெதிச்சேன்.”

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

“சரி, வுடு. இத வாயத் தொறந்து எவன்கிட்டயும் சொல்லாத. ஆளப் பாத்தா சாதுவாத் தெரியறான், ஆட்டத்துல ஆனதுன்னு சொல்லிடுவான். ஞாயித்துக்கெழம நீ ஆடற” என்றேன்.

அப்போதுதான் பின்சீட்டிலிருந்து அந்தத் தமிழ் வந்தது.

பத்தாம் நம்பருக்கு முதலில் வந்தது கோபம்தான். “ஒளிஞ்சிகினு கேக்கறியாடா?” என்று ஆட்டோவின் மேல்கம்பியை ஓங்கிக் குத்தினான். வண்டி அதிர்ந்தது. “அம்மா!” என்று கீப்பர் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். ஓங்கிய கை அந்தரத்தில் நிற்க, தான் செய்ததைப் பார்த்துக்கொண்டு நின்றான் எங்கள் பத்தாம் நம்பர்.

கீப்பர் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தான். “ஸ்ரீசிட்டில நான் வேல செய்யற கம்பெனில, என் லைன்ல ரெண்டு பக்கமும் தமிழ் ஆளுங்க. நாலு வருஷம். மொதல்ல கத்துக்கினது திட்டறதுதான்” என்றான். பிறகு நேராக அவனைப் பார்த்தான். “கன்னத்துல தட்டுனது என் தப்பு. என்னுத நான் சொல்லிட்டேன். நீ ஒன்னுத சொல்லு.”

நான் நடுவில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “நீங்க வுடுங்கண்ணா” என்றான் கீப்பர், மரியாதையாகத்தான். அந்த மரியாதைதான் என்னைச் சுட்டது.

சலூன்காரர் டோக்கனோடு வந்தார், மறுகையில் போன். மணி பதினொன்றரை தாண்டியிருந்தது. எங்கள் முகங்களைப் பார்த்ததுமே ஏதோ நடந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கமிட்டிக்குப் போனைப் போட்டு, கீப்பரைப் பார்த்துத் தெலுங்கில் கேட்டார்: “செப்பு பாபு. ஆட்டலோனா? காவாலனா?” ஆட்டத்திலா, வேண்டும் என்றா?

கீப்பர் பத்தாம் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே யாருக்கோ எலும்பை இழுக்கிறார்கள் போலிருக்கிறது, ஓர் அலறல் வந்து அடங்கியது. போனில் “ஹலோ, ஹலோ” என்று கேட்டது. பொய் சொல்லிவிடுடா என்று எனக்குள் ஒரு பக்கம் கெஞ்சியது. அதை இன்றுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

“வேணும்னுதான் மெதிச்சேன்” என்றான் பத்தாம் நம்பர். எல்லாருக்கும் கேட்கும்படி.

சலூன்காரர் போனைக் கையால் பொத்தினார். “ஒன்ன எவன்டா கேட்டான்? ரூலு தெரியாதா? அவன் வாயால வரணும்.” சிடுசிடுப்பாகத்தான் சொன்னார். ஒழுங்கு ஒழுங்கு என்று வருஷக்கணக்கில் கத்திய மனிதர், அது கைக்கு வந்தபோது வாங்கிக்கொள்ள மனமில்லாமல் நின்றார். மறுபடி கீப்பரிடம் திரும்பினார். “நிதானமா யோசிச்சி சொல்லு பாபு.”

“காவாலனே” என்றான் கீப்பர்.

வேண்டும் என்றுதான். அவ்வளவுதான், ஒரு வருஷம் போயிற்று. சலூன்காரர் அந்தச் சொல்லைப் போனில் திருப்பிச் சொல்லிவிட்டு வைத்தார். நான் பத்தாம் நம்பரைப் பார்த்தேன். இப்போது எதையாவது உடைப்பான், இல்லாவிட்டால் விடுவிடுவென்று பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிடுவான் என்று நினைத்தேன். கூட்டிவந்தாயிற்று, வழக்கப்படி அவன் வேலை முடிந்தது. யாரும் தடுக்கப்போவதில்லை. அவன் கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாதவன் மாதிரி அங்கேயே நின்றான்.

கதவருகில் கட்டுப்போடுகிறவரின் உதவியாளர் வந்து எங்கள் நம்பரைக் கூப்பிட்டார். “கூட ஒருத்தரு வாங்க, நல்லா வலுவான ஆளா. நாங்க இழுக்கறப்ப முழங்கைய ஆடாமப் புடிச்சிக்கணும். கை நடுங்குனா எலும்பு சரியா ஒக்காராது.”

சலூன்காரர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். நானும் ஓர் அடி எடுத்துவைத்தேன். கீப்பர் இடது கையால் கம்பியைப் பிடித்து மெல்ல ஆட்டோவிலிருந்து இறங்கினான். எங்கள் இரண்டு பேரையும் தாண்டி நடந்தான். பத்தாம் நம்பருக்கு எதிரே போய் நின்று, துண்டை விலக்கி, முழங்கையை அவன் பக்கம் நீட்டினான்.