வசந்தா ஏன் மெதுவாக நடந்தாள்

போன வாரம் என் கைபேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. ‘குடும்பத்தோடு இயற்கை நடை. ஞாயிறு காலை, நகராட்சிப் பூங்கா. எளிதான பாதை, குழந்தைகளும் பெரியவர்களும் வரலாம். கட்டணம் இல்லை.’ கீழே ஒரு மைனாவின் படம். என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே, கட்டணம் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு எங்கேயோ இடிக்கும். மரத்தைக் காட்டுகிறேன் என்று கூட்டிப்போய், நிழலில் உட்காரவைத்துக் காப்பீடு பேசுவார்களோ? சத்துமாவு டப்பாவைக் கையில் திணிப்பார்களோ? மைனாவின் முகத்திலேயே ஏதோ கள்ளத்தனம் இருப்பதுபோல் பட்டது.

ஆனாலும் போனேன், மகளையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு. என்னைப் போன்ற சந்தேகக்காரிகள் வீட்டில் இருக்கமாட்டோம். நேரில் போய், நினைத்தது சரிதான் என்று பார்த்துவிட்டு வந்தால்தான் சோறு இறங்கும்.

பூங்கா வாசலிலேயே புங்கம்பூ வாசனை வந்தது. பச்சைப்பயறு வேகும் வாசனையோடு கொஞ்சம் தேன் கலந்தமாதிரி இருக்கும். அத்தை கைத்தடியை ஊன்றி நின்று மூக்கை உயர்த்தினாள். நான் அவளைப் பார்க்காததுபோல் செருப்பு வாரைச் சரிசெய்தேன். அந்த வாசனை எங்கள் இரண்டு பேரையும் ஒரே இடத்துக்குத்தான் கூட்டிப்போகும் என்று எனக்குத் தெரியும்.

அத்தை என்றால் அப்பாவின் கூடப்பிறந்த தங்கை, பெயர் காந்திமதி. எனக்கு இந்தச் சந்தேகப் புத்தி வந்தது அவளிடமிருந்துதான். நான் நான்காவதோ ஐந்தாவதோ படித்தபோது அவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். தேனியில் ஒரு தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் அவள் வலது காலைக் கொஞ்சம் மெலியவைத்துவிட்டுப் போயிருந்தது. சாதாரணமாக நடக்கும்போது தெரியாது. களைத்துப்போனால் லேசாக இழுக்கும், அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று நாம் சொல்லலாம். பெண் பார்க்க வந்தவர்கள் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வரும் கூட்டத்தில் கட்டாயம் ஒரு பெரியம்மா இருப்பாள். காப்பியைக் குடித்து முடித்ததும், “ஆத்தா, அங்கன சன்னல்வரைக்கும் போயி இந்த டம்ளர வச்சிட்டு வா” என்பாள். டம்ளர் வைக்க அவள் மடியிலேயே தட்டு இருக்கும். நடை பார்க்கத்தான் அது. அத்தை போய் வைத்துவிட்டுத் திரும்புவாள். கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும். “ஊருக்குப் போயி லெட்டர் போடுறோம்” என்று எழுந்திருக்கும். அந்த லெட்டர் எதுவும் எங்கள் வீட்டுக்கு வந்து நான் பார்த்ததில்லை.

பெண் பார்க்கும் படலமே வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டாள். அப்பா அதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். சுருளி அருவிக்குக் குளிக்கப் போவோம் என்று எல்லோரையும் பஸ் ஏற்றினார். அங்கே பாறை ஓரத்தில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அப்பா அவர்களைப் பார்த்து, “அடடே, நீங்களா! எங்க இங்கன?” என்றார். அப்பாவுக்கு நடிப்பு சுத்தமாக வராது. அவர் வியந்த வேகத்தில் கையிலிருந்த துண்டே தண்ணீரில் விழுந்துவிட்டது. அந்தக் கூட்டத்துப் பெரியம்மா அத்தையைப் படியேறி எதையோ எடுத்துவரச் சொன்னாள். ஈரப்படியில் ஏறி இறங்கிய அத்தை, திரும்பும்போது காலை இழுத்தபடி வந்தாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அப்பாவிடம் சொன்னாள்.

“இனிமே ஒருத்தர் முன்னாடியும் என்னைய நடக்கவிடாதீகண்ணே. விட்டீகன்னா, இந்த வீட்டுல இருக்கமாட்டேன்.”

இதற்குப் பிறகு கொஞ்ச நாள் கழித்துத்தான் அப்பா பூங்காவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஞாயிறு சாயங்காலம் எல்லோரும் பூங்காவுக்கு நடக்கப் போகலாம், பிள்ளைக்கு மரம், பறவை எல்லாம் காட்டலாம், உடம்புக்கும் நல்லது என்றார். நீங்களே சொல்லுங்கள். பம்புசெட் கடையில் வேலை பார்த்த மனிதர், தெருமுனையில் வெற்றிலை வாங்கக்கூட மொபெட்டை உதைப்பவர், திடீரென்று மரம் பார்க்கப் போகலாம் என்றால் யார்தான் நம்புவார்கள்? அம்மாவே நம்பவில்லை. “ஒங்க அப்பாவுக்கு என்னமோ ஆகிப்போச்சு” என்று என்னிடம் சொன்னாள். அத்தை உள்ளதிலேயே பழைய சேலையாகப் பார்த்து எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

பூங்கா ஒன்றும் பெரியதல்ல. ஒரு மண்பாதை வட்டமடித்து ஓடும். தூங்குமூஞ்சி மரங்கள், புங்கை, சரக்கொன்றை, ஒரு நாகலிங்க மரம், சிமெண்ட் மான், தண்ணீர் இல்லாத குளம். மேற்கே பார்த்தால் மலை. அப்பா முன்னால் நடந்து மரங்களுக்குப் பெயர் சொல்லிக்கொண்டு வருவார். தெரியாத மரமெல்லாம் அவருக்கு மலைவேம்பு. ஒருநாள் மின்கம்பத்தில் படர்ந்திருந்த கொடியைக்கூட ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை.

நான் அணிலைப் பார்த்தேன், மரங்கொத்தியின் தட்டலுக்குக் காதைக் கொடுத்தேன், நாகலிங்கப் பூவைப் பொறுக்கினேன். அத்தை பெஞ்சுகளைப் பார்த்தாள். எந்தப் பெஞ்சில் வயதான பெண்ணும் கல்யாண வயசுப் பையனும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள், யார் பையில் பழம் தெரிகிறது, யார் கண் முகத்துக்குப் போகாமல் முதலில் காலுக்குப் போகிறது, எல்லாம் பார்ப்பாள். அப்படி யாரும் தென்பட்டால் என் தோளைப் பிடித்து, “ஆத்தா, நீ இந்தப் பக்கமா நட” என்பாள். நான்தான் அவளுக்குத் திரை. அந்தத் திரை அவள் தோள் உயரம்கூட இல்லை என்பதை இரண்டு பேருமே கண்டுகொள்ளவில்லை.

ஒருநாள் வெள்ளைவேட்டிக் குடும்பம் ஒன்று கொன்றை மரத்தடியில் வரிசையாக உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. பெரியம்மா, பையன், வாழைப்பழத் தார் எல்லாம் கச்சிதமாக இருந்தன. அத்தை பொறுத்துப் பார்த்துவிட்டு நேரே போய் நின்றாள்.

“பாத்தாச்சா? இல்ல, இன்னொரு தடவ நடந்து காட்டணுமா?”

அந்தப் பெரியம்மா திகைத்துப்போய், “எந்தா மோளே?” என்று மலையாளத்தில் கேட்டாள். குமுளியிலிருந்து பழனிக்குப் போகிற வழியில் வேன் பஞ்சராகி உட்கார்ந்திருந்தவர்கள். அப்பா ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார். அவர்கள் எங்களுக்கு ஆளுக்கொரு பழம் கொடுத்தார்கள். அத்தை அந்தப் பழத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தின்றாள்.

இப்படிப்பட்டவள் வசந்தாவை மட்டும் சந்தேகப்படவில்லை.

வசந்தா பெரியகுளத்து மாந்தோப்பு வீட்டுப் பெண், கல்யாணமாகித் தேனிக்கு வந்தவள். அத்தை வயதுதான் இருக்கும். தன் சின்ன மகளோடு தனியாக வருவாள். புங்கை மரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு, அதுதான் அவள் இடம். பெரியம்மா இல்லை, பழம் இல்லை, காலைப் பார்க்கவும் இல்லை. முதல்முதலாக அவள் அத்தையிடம் பேசியதே, “ஏங்க, ஒங்க முந்தானை எறும்புப் புத்துல கெடக்கு, தூக்குங்க” என்றுதான். சேலையை உதறிய அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவிச்ச நிலக்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தாள் வசந்தா.

“எம்பிள்ளைக்கு மெதுவாத்தான் நடக்க வரும். நீங்களும் எங்களோட மெதுவா நடங்களேன்” என்றாள்.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் அவர்கள் சேர்ந்து நடந்தார்கள். மாமியாரைப் பற்றி வசந்தா கேலி பேசுவாள், தட்டச்சு படிக்க வருகிற பையன்களைப் போல அத்தை நடித்துக் காட்டுவாள். அத்தைக்கு அப்படிச் சத்தமாகச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பழைய சேலை போய் நீலச் சேலை வந்தது. பெஞ்சுகளை வேவு பார்ப்பது நின்றுபோனது. களைத்துக் கால் இழுத்தால்கூட அவள் மறைக்கவில்லை. சனிக்கிழமையே கடலையை ஊறப்போட்டுவிட்டு, “நாளைக்கு மழ வராதுல்ல?” என்று மேற்கே மலையைப் பார்ப்பாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் முன்னே பின்னே பார்த்ததில்லை.

ஒரு ஞாயிறு பூங்காவிலிருந்து வந்து தோசை தின்றுகொண்டிருந்தோம். அப்பா தொண்டையைக் கனைத்தார்.

“காந்தி, இன்னைக்கு வசந்தா எங்கிட்ட ஒரு விசயம் கேட்டுச்சு. அதோட தம்பி லோயர் கேம்ப்புல கரண்டு ஆபீஸ் வேலையில இருக்காப்ல. ஒன்னையக் குடுப்பீகளான்னு கேட்டுச்சு.”

அத்தையின் கை தட்டில் அப்படியே நின்றது.

“நான் கால் விசயத்த நானே சொல்லிட்டேன். மறைக்கல. ‘தெரியும்ணே, அதனால என்ன’ன்னுச்சு” என்றார் அப்பா. அவளைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னார், பாவம்.

“தெரியுமா? எப்புடித் தெரியும்?”

அப்பா விழித்தார்.

“அவ மகதான் அணிலு கணக்கா ஓடுச்சே. பெறகு அவ ஏன் மெதுவா நடந்தா? எங்காலப் பாக்கத்தான நடந்தா? நீங்கதான வரச்சொன்னீக?”

“சத்தியமா இல்ல. வசந்தாவ எனக்கு முன்னப்பின்னத் தெரியாது. பூங்காவுலதான் பாத்தேன். கடைக்கு வர்ற டாக்டரு என்னைய நடக்கச் சொன்னாக, அதுக்குத்தான் போனோம்.”

“சுருளியிலயும் இப்புடித்தான் சொன்னீக.”

அம்மா தோசைக்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே அவர்மேல் சந்தேகம்தான் என்று பிற்பாடு ஒத்துக்கொண்டாள். அத்தை எழுந்து கையைக் கழுவினாள். “அவ ஒருத்தியாவது நெசம்னு நெனச்சேன்” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை, உள் அறைக்குப் போய் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு அத்தை வரவில்லை. நானும் அப்பாவும் போனோம். வசந்தா பெஞ்சில் கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தாள். எங்களுக்குப் பின்னால் வாசல்வரை பார்த்துவிட்டு, “காந்தி வரலையா?” என்றாள். அப்பா காய்ச்சல் என்றார். அவருக்கு நடிப்பு வராது என்று சொன்னேனே, பொய்யும் வராது. வசந்தாவுக்குப் புரிந்துவிட்டது. “நான் கேட்டுருக்கக் கூடாதோண்ணே?” என்றாள். “தம்பி பேச்ச விட்டுருவோம். காந்திய நடக்க மட்டும் வரச்சொல்லுங்க.” என் கையில் ஒரு நாகலிங்கப் பூவை இலையில் சுற்றிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அப்படியே ஒப்பித்துப் பூவைக் கொடுத்தேன். அத்தை வாங்கி முகர்ந்தாள். பிறகு இலையைப் பிரித்து உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். ஒன்றும் இல்லை. “நல்லாத்தான் ஆள் புடிக்கிறாக” என்று சொல்லிச் சன்னலில் வைத்துவிட்டாள். அது அங்கேயே கறுத்துக் காய்ந்தது. அதன் பிறகும் சில ஞாயிறுகளில் தெருவழியே போகும்போது பூங்காவின் கம்பி வேலிக்குள் பார்த்திருக்கிறேன். வசந்தா உட்கார்ந்திருப்பாள், பொட்டலம் பிரிக்காமல் பக்கத்தில் இருக்கும், குழந்தை தனியாக ஓடிக்கொண்டிருக்கும். பிற்பாடு அவள் கணவனுக்கு மாற்றலாகி எங்கேயோ போய்விட்டார்கள். அத்தை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அப்பாவும் போய்ச் சேர்ந்தார். கடைசிவரை அந்த ஒரு விஷயத்தில் அவர் வார்த்தையை அவள் நம்பவில்லை. எனக்கு மட்டும் இன்றுவரை உறுதியாக எதுவும் சொல்லமுடியவில்லை.

எங்கேயோ போய்விட்டேன், ஞாயிறு நடைக்கு வருகிறேன். அவர்கள் எதையும் விற்கவில்லை. மரங்களைக் காட்டினார்கள், தையல்சிட்டின் கூட்டைக் காட்டினார்கள், கடைசியில் சுக்குக் காப்பி கொடுத்தார்கள். டம்ளரின் அடியில்கூட விளம்பரம் இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. நடை முழுக்க ஒரு கல்லூரிப் பெண் அத்தைக்குப் பக்கத்திலேயே வந்தாள். “மெதுவா வாங்க பாட்டி, அவசரமே இல்ல” என்று தன் நடையைக் குறைத்துக்கொண்டாள். அத்தை அவளை ஓரக்கண்ணால் பார்த்தாள். அந்தப் பெண் அத்தையின் காலைப் பார்க்கவில்லை, மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதே பூங்காதான், ஆனால் மண்பாதையெல்லாம் இப்போது சிவப்புக் கல். நடுவில் எட்டுப் போட்டு நடக்க ஒரு தளம். சிமெண்ட் மான் இல்லை, நாகலிங்க மரம் இல்லை. வாசலில் மணத்த புங்கை புதிதாக வைத்த மரம்தான், அந்தப் பழைய மரம் எட்டுத் தளத்துக்காகப் போய்விட்டது. அத்தை அந்த எட்டின் நடுவே போய் நின்று தடியால் தரையைத் தட்டினாள்.

“இங்கனதான பெஞ்சு கெடந்துச்சு?”

“ஆமா அத்தை.”

நடப்பவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அத்தை அவர்களுக்கு வழிவிடவில்லை. கல்லூரிப் பெண்ணும் சற்றுத் தள்ளிக் காத்து நின்றாள்.

“ஏத்தா,” என்றாள் அத்தை, என் முகத்தைப் பார்க்காமல். “அவ எனக்காகத்தான் மெதுவா நடந்தாளோ?”