நூற்றைம்பது வெள்ளித் தவளை

போன மாதம் என் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சை முதுகும் மஞ்சள் வயிறுமாக மரத்தில் செதுக்கிய ஒரு தூண்டில் தவளை. என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரியது. வயிற்றுக்கு அடியில் இரட்டைத் தூண்டில் முள், பின்னால் சுழலுகிற சின்னத் தகடு. விலை ஆயிரத்து எண்ணூறு வெள்ளி என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே, 'அசல் கைவேலை, ஒருமுறைகூடத் தண்ணீர் படாதது' என்று ஒரு வரி. பச்சைப் புளுகு! அந்தத் தவளை தண்ணீரில் விழுந்ததை மஸ்ஜித் தானா ஊரில் தூண்டில் போடுகிற அத்தனை பேரும் வீடியோவில் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். படத்தை அனுப்பியவர் கன்ட்ராக்டர். வீடு புதுப்பிக்கிற வேலை எடுத்துச் செய்கிறவர். கூடவே குரலும் அனுப்பியிருந்தார். "தங்கச்சி, நீங்க அந்தக் கடையில வேலை செஞ்சவங்கதானே. இது லோரி அண்ணன் கையால செஞ்சதுதான்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்கலா. வாங்குறவன் கேக்குறான்."

மஸ்ஜித் தானாவில் ஒரு பாய் நடத்திய தூண்டில் கடையில் ஆறு வருடம் கவுண்டரில் நின்றவள் நான். ரெம்பியாவிலிருந்து தினமும் காரில் போய் வருவேன். லோரி அண்ணனை அங்கேதான் தெரியும். இருபது வருடத்துக்கு மேல் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஓட்டியவர். சர்க்கரை வியாதி முற்றி, இனி லோரி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, புலாவ் செபாங்கில் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து தவளை செதுக்க ஆரம்பித்தார். யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. கடையில் ஒன்று வாங்கி, இரண்டாகப் பிளந்து பார்த்து, அதைவிட நன்றாகச் செய்தார். செய்ததைப் பழைய பால்மாவு டின்னில் போட்டு, மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து எங்கள் கடையில் கொடுப்பார்.

அவரிடம் தவளை வாங்குவது லேசான காரியம் இல்லை. பெண் பார்க்க வந்தவர்களைப்போல விசாரிப்பார். எந்தக் குளத்தில் போடப் போகிறீர்கள், ஈயம் தோண்டிய பழைய லம்பக் குழியா தோட்டத்துக் குட்டையா, அங்கே பாசி உண்டா, உங்கள் தூண்டில் கோல் எவ்வளவு கனம் தாங்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். கேட்டதற்கு ஏற்றபடி வயிற்றில் துளை போட்டு ஈயம் ஊற்றுவார். நீலப் பீப்பாய்த் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பார். பின்பக்கம் கொஞ்சம் இறங்கி, தலை மட்டும் மேலே தெரிய வேண்டும். இல்லையென்றால் ஈயத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடியும் ஊற்றுவார். சாயத்துக்கும் எடை உண்டு என்று அதையும் மெல்லிசாகத்தான் பூசுவார். அலங்காரத்துக்கு வேண்டும் என்று யாராவது கேட்டால், "அப்ப பொம்மைக் கடைக்குப் போங்க" என்று டின்னை மூடிவிடுவார். ஒரு தவளைக்கு ஒரு வாரம் ஆகும். விலை நூற்றைம்பது வெள்ளி.

அந்த விலைக்காக நான் கவுண்டரில் கேட்ட பேச்சு இருக்கிறதே! "மரக்கட்டைதானேலா, தங்கமா?" என்பார்கள். பக்கத்துக் கொக்கியில் தொங்கும் பதினைந்து வெள்ளிப் பிளாஸ்டிக் தவளையைத் தட்டிக் காட்டுவார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக்கிலும் மீன் மாட்டும். விரால் இனத்துத் தோமான் மீன் குஞ்சோடு இருக்கும்போது எதிரே எது வந்தாலும் பாய்ந்து கடிக்கும். விலை கேட்டுக் கடிக்கிற மீன் எந்தக் குளத்திலும் இல்லை. ஆனால் பிளாஸ்டிக் தவளை சாய்ந்து ஓடினால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? லோரி அண்ணன் விற்ற ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தை கொடுத்தார். "ஓடலைன்னா கொண்டாங்க, காசு திருப்பித் தர்றேன்." கைபேசி உறைக்கு நூறு வெள்ளி வாய் திறக்காமல் கொடுக்கிறவர்கள், ஒரு மனிதனின் ஒரு வாரத்துக்கும் அந்த வார்த்தைக்கும் கொடுக்க மூக்கால் அழுதார்கள். கூலி வேலை செய்த அப்பாக்களுக்குப் பிறந்தவர்கள்தான் அத்தனை பேரும். கூலியின் அருமை தெரியாதவர்களா? நம்ம ஆள் செய்தால் மட்டும் விலை கசக்கும்.

கன்ட்ராக்டர் வந்தபோது, ரெம்பியா பக்கத்துத் தோட்டத்துக் குட்டையில் போடப் போவதாக அண்ணனிடம் சொல்லித்தான் வாங்கினார். அண்ணன் கிளம்பிய பிறகு கவுண்டரில் சாய்ந்துகொண்டு என்னிடம் கேட்டார். "தங்கச்சி, சாயம் உரியாம இருக்க கார் பட்டறையில கிளியர் கோட் வார்னிஷ் அடிக்கலாமா?" எனக்கு என்ன தெரியும்? ஆறு வருடம் அந்த மனிதன் சாயத்தை ஏன் மெல்லிசாகப் பூசுகிறார் என்று அவர் வாயாலேயே கேட்டவள். தெரியாமல் என்ன! ஆனால் பின்னால் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் மனசு மாறி வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போய்விடப் போகிறாரே என்றும் இருந்தது. "தாராளமா அடிங்கண்ணே, பளபளன்னு இருக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் ஒன்றல்ல, மூன்று பூச்சு அடித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு குட்டைக்குப் போய் வீசியதும், தவளை பக்கவாட்டில் சாய்ந்து அப்படியே கிடந்தது. இழுத்தால் குப்புற முங்கியது. கூட்டாளிகள் சிரித்த சிரிப்பில் அவருக்கு மானம் போய்விட்டது. வீடியோ எடுத்து, கைவேலை என்று சொல்லி நூற்றைம்பது வெள்ளி பிடுங்கிவிட்டான் கிழவன் என்று பேசி எல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பினார். பூச்சு அடித்ததைப் பற்றி மூச்சு விடவில்லை.

அடுத்த நாள் அண்ணன் கடைக்கு வந்தார். பாய் தயங்கித் தயங்கி வீடியோவைக் காட்டினார். அண்ணன் அதை இரண்டு தடவை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இதுக்கு மேல வேற ஏதும் அடிச்சாங்களா, தங்கச்சி? உங்ககிட்ட ஏதும் சொன்னாங்களா?" பாய் பக்கத்திலேயே நின்றார். என் வேலை போய்விடுமோ என்று பயந்தேன். "தெரியலண்ணே" என்றேன். அந்த ஒரு சொல்லை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து காசை எடுத்துப் பாயிடம் கொடுத்து, கன்ட்ராக்டரிடம் சேர்த்துவிடச் சொன்னார். "அப்ப என் கைதான் போச்சு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கன்ட்ராக்டர் கூசாமல் வந்து காசை வாங்கிக்கொண்டார். தவளையைக் கொடுங்கள் என்று பாய் கேட்டதற்கு, எங்கேயோ தொலைந்துவிட்டது என்றார். தொலைந்த தவளைதான் இன்றைக்குக் கண்ணாடிப் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறது. அண்ணன் அதற்குப் பிறகு ஒரு தவளைகூடச் செய்யவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் போன பிறகுதான் சேகரிக்கிறவர்கள் கிளம்பினார்கள். இனிமேல் புதிதாக வராது என்பதால் விலை ஏறுகிறதாம். உயிரோடு இருந்தபோது நூற்றைம்பதுக்குத் தகாத கை, செத்த பிறகு ஆயிரத்து எண்ணூறுக்குத் தகுகிறதாம். இதைக் கேட்டால் கோபம் வராமல் என்ன வரும்?

கேட்ட லெட்டரை எழுதினேன். இது லோரி அண்ணன் செய்த தவளைதான் என்று முதலில் எழுதினேன். இதன் மேல் இருக்கும் மூன்று பூச்சும் அவர் அடித்தவை அல்ல, அடிக்கலாம் என்று சொன்னவள் நான், அதனால்தான் இது ஓடவில்லை என்று எழுதினேன். இதற்கு வாங்கிய காசை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார், ஆகவே இது கன்ட்ராக்டரின் பொருளே இல்லை என்றும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். அனுப்புவதற்கு முன் அதை எடுத்துக்கொண்டு புலாவ் செபாங்குக்குப் போனேன். அண்ணியிடம் கொடுக்கக் கை வரவில்லை. நானே படித்துக் காட்டினேன்.

அண்ணி என்னைத் திட்டுவார் என்றுதான் போனேன். திட்டியிருந்தால் தேவலாம். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சொன்னார்: "தெனம் காலையில எந்திரிச்சு ஜன்னல்கிட்ட கைய நீட்டி நீட்டிப் பாப்பாருமா, நடுங்குதான்னு. நடுங்கவே இல்ல. நான் பக்கத்துலயே நின்னு பாத்துச் சொல்வேன். அவருதான் கடைசி வரைக்கும் நம்பல."