நாலு தறியும் முதலாளியின் சீட்டும்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுவேன். பெரிய மனிதர் ஒருவரைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கள். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒரு காலைப் பொழுதுதான்.

எழுபதுகளின் கடைசியில், செல்லூரில் அவருடைய விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு தறிகள். எல்லாவற்றிலும் துண்டுதான். முதலாளி என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது; எங்களுக்கு அண்ணன். தெருக்குழாய்க்கும் ரேஷன் கார்டுக்கும் ஜனங்களைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தே அரசியலுக்குள் போனவர். அந்தச் சட்டசபைத் தேர்தலில் அவருக்குச் சீட்டு கிடைக்கும் என்று பேச்சு. திருநகர்க்காரர் ஒருவரும் அதே சீட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். பேரை எழுதி அனுப்ப வேண்டியவர் கட்சியின் மாவட்டச் செயலாளர். அவர் கூடத்துக்கு வருவதாகச் சொல்லியனுப்பினார்.

சிக்கல் என்னவென்றால், செல்லூரில் யார் துண்டு கேட்டாலும் நெய்வோம், கட்சி பார்ப்பதில்லை. டவுனில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் ஒருவருக்காக, போட்டிக் கட்சியின் நிறத்தில் கரை போட்ட துண்டு நாலு தறிகளில் ஓடிக்கொண்டிருந்தது. எந்தக் கட்சி என்று எழுதப்போவதில்லை. கரையின் நிறம், தறியில் நீளவாக்கில் ஏற்றும் பாவு நூலிலேயே இருக்கும்; நடுவில் மாற்ற முடியாது. ஏற்றிய பாவை நெய்து முடிக்காமல் அறுப்பது எங்களிடம் இல்லாத வழக்கம்.

அன்று காலை அண்ணன் என்னைக் கூப்பிட்டார். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"தாயி, அவுக வாரப்ப அந்த நாலும் ஓடக் கூடாது. சுவிட்ச அமத்திட்டு, மேல சேலையப் போட்டு மூடிரு. கேட்டா ரிப்பேருன்னு சொல்லு."

பத்து மணிக்குக் கரண்டு போய் எல்லாத் தறிகளும் நின்றன. பழைய சேலைகளால் நாலையும் மூடினேன். சுவிட்சை அணைக்கவில்லை. கரண்டு போனால் எங்கள் கூடத்தில் யாரும் அணைப்பதில்லை. தறி தானாக ஓடினால் கரண்டு வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வோம். நிற்கிற தறியை அணைக்க என் கைக்குத் தோன்றவே இல்லை.

"அண்ணன் ஜெயிச்சா நமக்குக் கரண்டு கட் இருக்காதுல்ல மாப்ள?" என்றார் ஒரு தறிக்காரர்.

"அவரு மெட்ராசுல ஃபேனுக்குக் கீழ இருப்பாரு. நீ இங்கன விசிறிக்கிட்டுக் கெட," என்றார் பக்கத்துத் தறிக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செயலாளர் நாலைந்து பேரோடு வந்தார். அண்ணன் ஒவ்வொரு தறியாகக் காட்டிக்கொண்டு வந்தார்.

"அது என்னம்மா, மூடிக் கெடக்கு?" என்று செயலாளர் என்னிடம் கேட்டார்.

"ரிப்பேருங்க," என்றேன்.

கரண்டு வந்தது. நாலு தறிகளும் சேலைக்கு அடியில் தடதடவென்று ஓடத் தொடங்கின. ஒரு சேலை சிக்கிக் கிழிந்தது. மற்றவை நழுவி விழுந்தன. அந்தக் கரை பளிச்சென்று தெரிந்தது. தறிக்காரர்கள் ஓடிப்போய் நிறுத்தினார்கள்.

"நல்லா ஓடுதேய்யா ஒங்க ரிப்பேரு," என்றார் செயலாளர். "நம்ம கட்சியில சீட்டுக் கேட்டுட்டு, அவனுகளுக்குத் துண்டு நெய்றீகளோ?"

"முன்னாடியே ஒத்துக்கிட்ட சரக்குண்ணே. பாவு ஏத்தியாச்சு. முடிஞ்சதும்…" என்று இழுத்தார் அண்ணன்.

"அறுத்து விடுங்க. இப்பவே, எங் கண்ணு முன்னால. இல்லேன்னா திருநகர்க்காரர் பேர எழுதிட்டுப் போயிட்டே இருப்பேன்."

அண்ணன் தறிக்காரர்களைப் பார்த்தார். ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கத்தரி கேட்டார். யாரும் அசையாததால் நான் எடுத்துக் கொடுத்தேன். என்னால் வந்தது என்ற பயம். அவரே நாலு பாவையும் அறுத்தார். இழைகள் தொய்ந்து தொங்கின. சுவிட்சை அணைக்காதது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் செயலாளர் அண்ணன் தோளில் கை போட்டு வெளியே கூட்டிப் போய்விட்டார்.

மறுநாள் அண்ணனுக்குத்தான் சீட்டு என்று செய்தி வந்தது. அவர் கட்சி ஆபீசுக்குப் போனார். தறிக்காரர்களும் நானும், பாயின் துண்டை நெய்து முடிக்க, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தோம்.