சம்பந்திக்கு எப்படி இடது கையை நீட்டுவது

நான் ஒரு மடையன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கொஞ்ச காலமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் 'வெள்ளிமலைக்கு சைக்கிள்ல போய்ட்டு வர்றவன் நான்' என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதில் பாதி உண்மை. மலைக்குப் போகிற ஜீப்பின் தலையில் சைக்கிளைக் கட்டிவிட்டு, உள்ளே உட்கார்ந்து தூங்கிக்கொண்டே மேலே போவேன். வெள்ளிமலையில் இறங்கி ஒரு டீ, ரெண்டு போண்டா. அப்புறம் கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கைப் பிடித்தபடி, காற்று வாங்கிக்கொண்டு கீழே வருவேன். போவது ஜீப், வருவது நான். கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்தே வளர்ந்த தொப்பை இது. இதை வைத்துக்கொண்டு மலை ஏறுகிறேன் என்று சொன்னதை நாலு பேர் நம்பினார்கள் என்றால், அவர்களும் நம்ம ஜாதிதான், மடையர் ஜாதி.

இந்தப் பாதிப் பொய்யை என் மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் சொன்னேன். வம்பு அங்கே ஆரம்பித்தது.

பெண் வீடு சின்னசேலம். பெண்ணின் அப்பாவுக்கு மக்காச்சோள மண்டி. என் மகனும் அந்தப் பெண்ணும் ஒரே ஆபீசில் வேலை. அவர்களாகவே பேசி முடித்துவிட்டு, எங்களைச் சும்மா ஒப்புக்குப் 'பார்த்துட்டு' வரச் சொன்னார்கள். நாங்கள் செய்ய வேண்டியது காபி குடிப்பது, சிரிப்பது, கிளம்புவது. இந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்வான் என்று நம்பி என்னைக் கூட்டிப் போனது அவர்கள் தப்பு.

கூடத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் சுவரில் தொங்கியது. கியர் இல்லை, பிரேக் இல்லை. துடைத்துப் பளபளவென்று இருந்தது. பெண்ணின் அப்பா பேச்சே இல்லாத மனுஷர். 'வாங்க', 'உக்காருங்க' இரண்டோடு நிறுத்திக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். சும்மா இருக்க முடியாமல் நான் சைக்கிளைக் காட்டி, "நானும் ஓட்டறவன்தாங்க, வெள்ளிமலைக்கு" என்றேன்.

மனுஷர் முகம் பல்பு போட்ட மாதிரி ஆனது. "ஏறுவீங்களா?"

"ஏறிடுவேங்க." எதில் ஏறுவேன் என்று அவர் கேட்கவில்லை.

உடனே செல்போனை எடுத்து ஒரு பந்தயத்தைப் போட்டு என் வலது கையில் கொடுத்தார். ஆண்களுக்கான உலகப் போட்டி. மரத்தளம் போட்ட ஒரு பெரிய வாணலிக்குள் ஏகப்பட்ட பேர் சுற்றுகிறார்கள். இதற்கு மேடிசன் என்று பேர் என்றார். ஒரு நாட்டுக்கு இரண்டு பேர். ஒருத்தர் பந்தயத்தில் உயிரை விட்டு மிதிக்கும்போது, கூட்டாளி வாணலியின் மேல் விளிம்பில் மெதுவாகச் சுற்றிக்கொண்டு மூச்சு வாங்குகிறார். மிதிக்கிறவர் களைத்ததும், மேலே சுற்றியவர் கீழே இறங்கி வருகிறார். பின்னாலிருந்து வேகமாக வருகிறவர் அவர் கையைப் பிடித்து, கவணில் வைத்த கல்லை எறிகிற மாதிரி முன்னால் வீசிவிடுகிறார். வீசப்பட்டவர் பந்தயத்துக்குள், வீசியவர் ஓய்வுக்கு. இப்படியே மாறி மாறி.

பாதி நேரம் ஓய்வெடுப்பதும் பந்தயத்தில் சேர்த்தி என்று கேட்டதும் எனக்கு இந்த விளையாட்டின் மேல் காதலே வந்துவிட்டது. ஜீப்பும் நானும் இத்தனை நாள் இதைத்தானே விளையாடிக்கொண்டிருந்தோம்.

அப்படி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பெண் காபித் தட்டோடு வந்து குனிந்தது. வலது கையில் போன். நான் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையை நீட்டி டம்ளரை எடுத்தேன்.

என் மனைவி ரகசியமாகச் சொன்னாள். அவள் ரகசியம் தெருமுனை வரைக்கும் கேட்கும். "பீச்சாங்கையில வாங்கறீங்களே. நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல இன்னா பயக்கம் இது?"

பெண் தட்டோடு ஒரு நொடி அப்படியே நின்றது. பெண்ணின் அப்பா முகத்தில் எரிந்த பல்பு அணைந்தது. போனை என்னிடமிருந்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

கிளம்பும்போது வாசலில் வைத்துக் கேட்டேன். "அப்ப, நல்ல சேதி சொல்லுங்க சம்பந்தி."

"இன்னும் ஆவல" என்றார்.

"இல்லீங்க, எப்டியும் ஆவப் போறதுதானேன்னு..."

"பாக்கலாங்க." செருப்பை மாட்டிக்கொண்டிருந்த என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பொங்கலுக்கு எங்க சைக்கிள் ஆளுங்க கள்ளக்குறிச்சி கிரவுண்டுல மேடிசன் வெக்கறாங்க. எனக்கு ஜோடி இல்ல. நீங்க வர்றீங்களா? ஓட்டிட்டு பேசுவோம்."

பஸ்ஸில் ஊர் வந்து இறங்கியதும் மகன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "எல்லாம் முடிஞ்ச கல்யாணத்த எதுக்குப்பா சைக்கிள் ரேஸ்ல கொண்டுபோய் வெச்சீங்க?"

என் மனைவி முந்திக்கொண்டாள். "ஒங்கப்பா பீச்சாங்கையில காபி வாங்குனாரு பாரு, அதான் அந்த மனுசனுக்குப் புடிக்கல. மூஞ்சி எப்டி மாறிச்சி, பாத்தல்ல?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "இன்னொரு தபா அவரு முன்னால அந்தக் கைய நீட்டுனீங்க, அப்புறம் இருக்குது. எதுன்னாலும் சோத்தாங்கைதான். இன்னா?"

"சரி" என்றேன். எங்கள் வீட்டில் நான் சொல்கிற வார்த்தைகளில் முக்கால்வாசி இதுதான்.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டுக்குப் போனோம். உலகப் போட்டியில் மரத்தளம், இங்கே செம்மண். அங்கே பிரேக் இல்லாத சைக்கிள், இங்கே பிரேக், மணி, ஒருத்தர் வண்டியில் கேரியரும் அதில் கட்டிய தூக்குவாளியும். நாலைந்து ஜோடிகள் வந்திருந்தார்கள். எல்லாரும் ஒல்லி. ஒரு டவுசருக்குள் என்னைத் திணித்திருந்த என் மனைவி, மகனோடு புங்க மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். பெண்ணின் அப்பா மட்டும் சுவரிலிருந்து இறக்கிய பிரேக் இல்லாத சைக்கிளோடு வந்து, விதியைச் சுருக்கமாகச் சொன்னார். அவருக்கு எல்லாமே சுருக்கம்தான்.

"எடப்பக்கமா சுத்துவோம். மிதிக்கறவரு உள்பக்கமா வருவாரு, ஓய்வுல இருக்கறவரு வெளிப்பக்கம். அப்பப்ப விசில் அடிப்பாங்க. அப்ப கோட்ட மொதல்ல தாண்டுனா புள்ளி. கை மாத்தறப்ப வீசறவரு வலது கை, வாங்கறவரு எடது கை."

எனக்குச் சுருக்கென்றது. "வாங்கறவரு எந்தக் கைங்க?"

"எடது."

"சோத்தாங்கைய நீட்டுனா ஆவாதுங்களா?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "ஆவாதுங்க."

புங்க மரத்தடியைப் பார்த்தேன். என் மனைவி விரலை ஆட்டி எச்சரித்தாள். தூரத்திலிருந்தே தெரிந்தது.

முதலில் நான் மிதித்தேன். அதாவது எல்லாருக்கும் பின்னால் போனேன். சறுக்கிக்கொண்டு போக சரிவு இல்லாத இடத்தில் என் திறமை அவ்வளவுதான். அரைச் சுற்றில் நாக்கு வெளியே வந்துவிட்டது. அவர் வெளிப்பக்கமிருந்து உள்ளே வந்து, கூச்சமே இல்லாமல் இடது கையைப் பின்னால் நீட்டினார். நான் பிடித்து வீசினேன். அவரே தன் வேகத்தில் போனார், பேர் எனக்கு.

அதற்கப்புறம் என் சொர்க்கம். வெளிப்பக்கமாக நிதானமாகச் சுற்றினேன். வேலி ஓரம் நின்றிருந்த ஒருத்தர், "யோவ், ரேஸ் அங்க நடக்குது" என்றார். "இதுவும் ரேஸ்தாங்க" என்று மரியாதையாகச் சொன்னேன். அவர் பக்கத்திலிருந்தவரிடம், "இந்த ரேஸ்னா எங்க ஆயாகூட ஓட்டும்" என்றார்.

பெண்ணின் அப்பா சுற்றி முடித்துப் பின்னால் வருகிற சத்தம் கேட்டது. உள்பக்கமாக வந்தேன். இப்போது நான் இடது கையை நீட்ட வேண்டும். மகன் கல்யாணம் நிற்கிறது, எதிரே பெண்டாட்டி உட்கார்ந்திருக்கிறாள், வருகிறவர் சம்பந்தி ஆகப் போகிறவர். இடது கை வரவே மாட்டேன் என்றது. "வாங்க சம்பந்தி" என்று கூவிக்கொண்டே வலது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் நீட்டினேன். போதாக்குறைக்கு, பெரியவர்களிடம் எதையும் வாங்கும்போது இன்னொரு கையையும் கூடக் கொடுப்போம் இல்லையா, அந்தப் பழக்கத்தில் இடது கையும் ஹேண்டில்பாரை விட்டுவிட்டு வலது முழங்கைக்கு அடியில் வந்து பணிவாகத் தாங்கிக்கொண்டது.

ரொம்ப மரியாதையாக விழுந்தேன்.

அவர் என்னைச் சுற்றிக்கொண்டு போய் பிரேக்கே இல்லாத வண்டியை எப்படியோ அடக்கி, திரும்பி வந்தார். மகன் ஓடி வந்தான். முழங்கையில் தோல் வழண்டிருந்தது, அதுவும் வலது முழங்கை.

"இன்னாத்துக்கு அந்தக் கைய நீட்டுனீங்க?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா.

"ஒங்களுக்குப் போய் எடது கைய நீட்டறதுங்களா? மொத நாளே அந்தக் கையாலதான் காரியம் கெட்டுப் போச்சின்னு..."

"எடது கையால ஒண்ணும் கெடல" என்றார். இதை மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். பிறகு வண்டியில் ஏறி, "மறுபடியும் வருவேன். எடது" என்று சொல்லிவிட்டுப் பந்தயத்துக்குள் போனார்.

எழுந்து சைக்கிளில் ஏறினேன். வலது கையைத் தூக்க முடியவில்லை, வேறு வழியும் இல்லை. அவர் வருகிற சத்தம் கேட்டதும் புங்க மரம் இருக்கும் திசையைப் பார்க்காமல் இடது கையைப் பின்னால் நீட்டினேன். மக்காச்சோள மூட்டை தூக்கித் தூக்கி உரமேறிய கை அதைப் பிடித்தது. அடுத்த நொடி நான் பறந்தேன். வாழ்க்கையில் என்னைப் பல இடங்களிலிருந்து தூக்கி வீசியிருக்கிறார்கள், எல்லாம் வெளியே. முன்னால் வீசியது அவர் ஒருத்தர்தான். விசில் அடித்ததும் தெரியவில்லை, கோட்டைத் தாண்டியதும் தெரியவில்லை. ஒரு ஜோடியை முந்திவிட்டோம் என்று மகன் கத்தியது மட்டும் கேட்டது. கேரியரும் தூக்குவாளியும் இருந்த வண்டி அது.

கடைசிக்கு முந்தைய இடம் எங்களுக்கு. கடைசி ஜோடிக்கு செயின் அறுந்துவிட்டதை இங்கே நான் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

கிரவுண்டுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் நானும் அவரும் உட்கார்ந்தோம். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, டம்ளரைப் பார்த்துச் சொன்னார்.

"எம் பொண்ணு எடதுகைக்காரிங்க. சாப்புடறது, எழுதறது, எல்லாம் அந்தக் கைதான். முன்னால வந்த ஒரு எடம், அவ எடது கையில பரிமாறுனான்னு எழுந்து போய்ட்டாங்க. அன்னிக்கு ஒங்க வூட்டம்மா சொன்னாங்க இல்ல, அதக் கேட்டுட்டு அவ ராத்திரி சாப்புடல."

அவர் இத்தனை வார்த்தைகள் சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லை. இத்தனை நாளும் காரியம் கெட்டது என் பாதிப் பொய்யால், என் காபியால் என்று குழம்பிக்கொண்டிருந்தோம். அவர் பயந்தது எதற்கென்று எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மரத்தடியிலிருந்த மகனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"தெரியுமே" என்றான். "தெனம் கூட உக்காந்து சாப்புடறவன் நான். இதெல்லாம் ஒரு விஷயமா, வந்து சொல்ல?"

அதற்குள் என் மனைவியும் வந்துவிட்டாள். அவர் முன்னாலேயே விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் சிறுத்துப் போனது.

"ஐயையோ, நான் சொன்னது இவர இல்லீங்களா" என்றாள். "இவரு சோத்தாங்கையில சாப்புட்டாலே சட்டையில பாதி. அதான் வாய்ல வந்துடிச்சி. பொண்ணு எந்தக் கையில சாப்புட்டா இன்னாங்க, வயிறு ரொம்பச் சாப்புட்டா போதும். நான் இப்பவே வந்து அதுகிட்ட சொல்றேன்." சொல்லிவிட்டு, சின்னசேலத்துக்கு பஸ் எப்போது என்று டீக்கடைக்காரரிடம் கேட்கப் போய்விட்டாள்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். முகத்தில் அந்த பல்பு மறுபடியும் லேசாக எரிகிற மாதிரி இருந்தது. நிச்சயமாகத் தெரியவில்லை. தெரியாத இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

"ஏங்க, அப்ப நான் ஒங்கள சம்பந்தின்னே கூப்புடலாங்களா?"

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு, என் முழங்கையைப் பார்த்தார்.

"விழாம கூப்புடுங்க."